கிச்சுவின் ஆமென்

"பிடிங்க அத, பிடிங்கன்னு..."

"நான் பிடிக்கணுமா? எட்டி, என் நெஞ்சில ஏறி நிக்குது..."

"கத்தாதீங்க, கத்தினா இன்னும் சாடும்!"

"சட்டையப் பாருட்டி! இன்னைக்கு உடுத்த சட்டையாக்கும்!"

ஜெயபாய் கிச்சுவின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். எட்டு மாத நாய். நாலு காலிலும் செம்மண்ணை அப்பிக்கொண்டு வந்து, அவள் கணவன் ராஜதாஸின் வெள்ளைச் சட்டைப் பை மேல் இரண்டு முத்திரை குத்தியிருந்தது.

"ஞாயிறாச்ச ஜிஜா வாறா. ஏழு மாச வயிறு. அவ மேல இது இப்பிடிச் சாடினா?"

"அதுக்குள்ள பழக்கிருவேன்."

"நாலு நாளுலயா? செரி, பழக்கு. அன்னைக்கு ஒரு சாட்டம் சாடிச்சோ, அம்பூரியில அண்ணன் தோட்டத்துக்கு ஏத்தி விட்டுருவேன். ரப்பருக்குள்ள கிடந்து பன்னிய விரட்டட்டும்."

மகள் ஜிஜா கல்யாணமாகிப் போன பிறகு, அடுக்களையில் ஜெயபாய் பேசுவதைக் கேட்க இருந்தது கிச்சு மட்டும்தான்.

போனில் நாய் பழக்கும் வீடியோவைப் பார்த்தபடி "சிட்" என்றாள். வாலாட்டியது. "இரி" என்றாள். காலை நக்கியது. முதுகைப் பிடித்து அழுத்தினால், விளையாட்டென்று மல்லாந்து படுத்துக்கொண்டது.

அது அடங்கிக் கிடப்பது சாயங்கால ஜெபத்தில் மட்டும். பாயை விரித்ததும் ஜெயபாயின் முன்னால் வந்து படுக்கும். ராஜதாஸ் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் பெயர் சொல்லி ஜெபிக்கும்வரை அசையாது. "ஆமென்" என்றதும் ஒரே பாய்ச்சல். ஏனென்றால் அப்போதுதான் அவள் அரை பிஸ்கட் கொடுப்பாள். தெரியாமலே அவள் பழக்கிய பழக்கம்.

ஒரு சொல் தெரிந்திருக்கிறதே, அதை வைத்தே பழக்கினால் என்ன? மறுநாள் காலையில் கிணற்றடியில் நின்று "ஆமென்" என்றாள். பாய்ந்தது. பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "ஆமென்." மறுபடியும் பாய்ந்தது. எத்தனையாவது ஆமெனிலோ சலித்துப்போய்ப் பின்பக்கத்தைத் தரையில் வைத்தது. உடனே கொடுத்தாள்.

மதிலுக்கு அப்புறமிருந்து பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரி எட்டிப் பார்த்தாள்.

"எந்தா அக்கா, காலத்தே கிணத்தடியில பிரார்த்தனை?"

"நாய்க்காக்கும் மோளே."

"ஐயோ, அதுக்கு என்ன தீனம்? டாக்டர காட்டியாச்சா?"

சத்தம் கேட்டு ராஜதாஸ் வந்துவிட்டார்.

"எட்டி! தெய்வகாரியத்த வச்சு பட்டிக்குப் பாடம் படிப்பிக்கியா? சபையில கேட்டா என்ன சொல்லுவினும்?"

"சபையில பாதிப் பேரு ஆமென் கேட்ட உடன எந்திரிச்சு ஓட்டமாக்கும். இது இருக்கும்லா?"

சிரிப்பு வந்ததைக் காட்டாமல் அவர் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமைக்குள் ஆமென் கேட்டால் கிச்சு உட்கார்ந்துவிடும் என்றாகிவிட்டது. ஆனாலும் ராஜதாஸ் வாசலில் நுழைந்தால் மட்டும் நெஞ்சில் ஏறியது.

"உங்க மேல மட்டும் எதுக்கு சாடுது?"

"எங்கிட்ட என்னமோ பகை."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மருமகன் நிஜின் ஜிஜாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"அம்மா, கிச்சு எங்க? அவுத்து விடுங்க."

"மொதல்ல ஜெபம்" என்றார் ராஜதாஸ்.

ஜிஜா நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். ராஜதாஸ் ஒற்றசேகரமங்கலத்துச் சித்தப்பா வரைக்கும் வந்திருந்தார். அப்போது பின்வாசலில் கால் நகங்கள் தரையில் உரசும் சத்தம். ஜெயபாய் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு கிச்சு நேராக ஜிஜாவிடம் வந்துகொண்டிருந்தது. முன்கால்கள் தரையை விட்டு எழும்பின.

"சித்தப்பாவோட மூத்த மகனையும் ஆண்டவரே... ஆமென்!"

அத்தனை சொந்தக்காரர்களையும் பாதியில் விட்டுவிட்டு ராஜதாஸ் கத்திய ஆமென். அவருக்கும் ஒரு கண் திறந்திருந்தது.

கிச்சு உட்கார்ந்தது. ஜிஜாவின் காலடியில், நாலு காலும் தரையில்.

ஜெயபாயின் கை வெறுங்கை. பிஸ்கட் டப்பா அடுக்களையில். கிச்சு அவள் கையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது. பின்பக்கம் மெல்ல எழும்பத் தொடங்கியது.

ராஜதாஸின் கை சட்டென்று சட்டைப் பைக்குள் போய் அரை பிஸ்கட்டோடு வெளியே வந்தது. கிச்சு அதைத் தின்றுவிட்டு, பழகிய இடம்போல அந்தப் பையை அண்ணாந்து முகர்ந்தது.

ஜிஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெயபாய் சிரிக்கவில்லை.

"இஞ்ச பாருங்க, அந்தப் பையில எத்தன நாளா பிஸ்கட்டு இருக்கு?"