முப்பது நாள் அபராதம்

இரண்டு கடிதங்களும் ஒரே செவ்வாய்க்கிழமை வந்தன. ஒன்று ரைலியின் வீட்டுத் தபால்பெட்டிக்கு. மற்றொன்று ஏரிக்கு அந்தப்பக்கம் இருக்கும் கலெர்வோவின் தபால்பெட்டிக்கு. இரண்டிலும் நீதிமன்றம் ஒரே வாசகத்தைத்தான் எழுதியிருந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றம். முப்பது நாள் அபராதம். நான்கு மாதம் வண்டி ஓட்டத் தடை. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் நேரில் போய் நிற்க வேண்டியதில்லை, தீர்ப்பு தபாலிலேயே வந்துவிடும்.

எங்கள் பின்லாந்தில் அபராதத்தை நாள் கணக்கில்தான் போடுவார்கள். நாள் எல்லோருக்கும் ஒன்றுதான், விலைதான் ஆளுக்கு ஆள் மாறும். அவரவர் வருமானம் எவ்வளவோ அதற்குத் தக்க விலை. ரைலியின் ஒரு நாள் இருபத்தேழு யூரோ. கலெர்வோவின் ஒரு நாள் ஆயிரத்து முந்நூற்று எழுபது. ஆக ரைலிக்கு எண்ணூற்றுப் பத்து, கலெர்வோவுக்கு நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.

ரைலி கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து, ரொட்டிப் பெட்டிக்கு மேல் வைத்தாள். காப்பி போட்டாள். அது ஆறிப்போன பிறகுதான் குடிக்க மறந்தது தெரிந்தது. பாலத்தில் போலீஸ் கைகாட்டி நிறுத்திய அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இப்படித்தான். உடம்பு பாட்டுக்கு வேலை செய்தது, உள்ளே மட்டும் யாரும் இல்லை.

ரைலிக்கு ஐம்பத்து நான்கு வயது. வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர்களைத் தேடிப்போய்ப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புப் பணியாளர். ஒரு நாளைக்கு நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டுவாள்; மாத்திரை கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், காலுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிடுவாள், போன வாரம் கேட்ட அதே கதையைப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பாள். பதினோரு வருடமாக ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு செப்டம்பர் முதல் தேதி நிரந்தர வேலை என்று முடிவாகியிருந்தது. தாள் தயார், கையெழுத்துதான் பாக்கி. அதற்கு இரண்டு வாரம் முன்னால் வந்து தொலைந்தது கலெர்வோவின் இறால் விருந்து.

கலெர்வோ ஜன்னல் தொழிற்சாலைக்காரர். ரைலியோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஆகஸ்டு பிறந்தால் எங்கள் ஊரான ஹவுகிலம்பியில் பாதிப் பேரைக் கூப்பிட்டு விருந்து வைப்பார். கொடுக்கு வைத்த ஏரி இறாலைச் சதகுப்பைத் தழை போட்டு அவித்து, மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கிளாஸ் சாராயத்துக்கும் முன்னால் ஒரு பாட்டு பாடியாக வேண்டும், பாடாமல் குடிப்பது மரியாதை இல்லை. அத்தனை பாட்டும் வரிக்கு வரி தெரிந்தவள் ரைலி ஒருத்திதான். எனவே எல்லாப் பாட்டையும் அவள்தான் ஆரம்பித்து வைத்தாள். அதற்கு அப்புறம் கிளாஸைக் கீழே வைக்க விடுவார்களா?

படுத்தது கலெர்வோவின் விருந்தினர் அறையில். தூங்கவும் தூங்கினாள். காலையில் கலெர்வோ சவுனாவை, அதாவது ஆவிக்குளியல் அறையை, மூட்டிவிட்டு, கதவுக்குக் கதவு தட்டி எழுப்பினார்.

"எந்திரி ரைலி. மூணு தடவ நல்லா ஆவி பிடி, ஏரியில ஒரு முங்கு போடு. ராத்திரி குடிச்சது பூரா வேர்வையா ஓடிடும்."

"மத்தியானம் பன்னெண்டுக்கு எனக்கு டூட்டி இருக்கு."

"அப்ப நாலு தடவ பிடி!"

அவள் நாலு தடவை பிடித்தாள். நாலு தலைமுறையாக எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிற விஷயம் இது. மனித உடம்பைப் பற்றிச் சான்றிதழ் வாங்கியவள், சாராயம் ஈரலில்தான் கரையும், வியர்வையில் கரையாது என்று தேர்வில் எழுதித் தேறியவள், அவளும் நம்பினாள். சூடான பலகையில் உட்கார்ந்து வியர்த்துக் கொட்டும்போது பரிசுத்தமாகிவிட்டதுபோல் இருக்கும், அதுதான் ஏமாற்று. பத்து மணிக்குத் தலைமுடி ஈரம் காயாமல் வண்டியை எடுத்தாள். பின்னாலேயே பால் வாங்கக் கிளம்பினார் கலெர்வோ. பாலத்தின் மேல் போலீஸ்காரர்கள் வந்த வண்டியை எல்லாம் வரிசையாக நிறுத்தி ஊதச் சொன்னார்கள். ரைலிக்கு பாயிண்ட் ஆறு இரண்டு. கலெர்வோவுக்கு பாயிண்ட் ஆறு நான்கு. பாயிண்ட் ஐந்தைத் தொட்டாலே குற்றம்; இரண்டு பேர் லைசென்ஸையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள், தடை அன்றைக்கே ஆரம்பம்.

"பாரு, நான்தான் ஜெயிச்சேன்" என்றார் கலெர்வோ, போலீஸ்காரர் முன்னாலேயே. ரைலி சிரித்தாள். அதற்கப்புறம் அவள் சிரித்ததாக எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மேலாளர் ஹென்னா அவளை உட்கார வைத்து, கதவைச் சாத்தினாள். முப்பத்தைந்து வயதுப் பெண். கெட்டவள் இல்லை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ரைலி, எனக்கு உங்களை விட்டா ஆள் இல்ல. ஆனா லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு அந்தத் தாள்ல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"சாராயப் பூட்டுன்னு ஒண்ணு இருக்காமே. வண்டியில மாட்டிக்கிட்டா, ஊதிக் காட்டிட்டு ஓட்டலாமாம். தீர்ப்புக்கு முன்னாலேயே போலீஸ்ல அனுமதி தர்றாங்களாம்."

"நம்ம வண்டிங்க எல்லாம் பொது வண்டி. ஒண்ணுல மாட்டினா மத்த எட்டுப் பேரும் ஊதிட்டுத்தான் கிளம்பணும். மேல கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

"என் சொந்த வண்டியில மாட்டிக்கிட்டா?"

ஹென்னா மேஜையைப் பார்த்தாள். "கேட்டுப் பாருங்க" என்றாள்.

ரைலி பணிமனைக்கு போன் போட்டுக் கேட்டாள். பூட்டை மாட்ட ஒரு தொகை, மாத வாடகை ஒரு தொகை, குறைந்தது ஒரு வருடம் வைத்திருந்தாக வேண்டும். மொத்தத்தையும் சொன்ன பையன், வண்டி என்ன மாடல் என்று கேட்டான். சொன்னாள். "அம்மா, உங்க வண்டியே அந்த விலைக்குப் போகாதே" என்றான். அவன் சொன்னது நிஜம். ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிந்தது. நிரந்தர வேலை பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருத்திக்குப் போனது.

கலெர்வோ இரண்டே வாரத்தில் அந்தப் பூட்டை மாட்டிக்கொண்டார். மாட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டு வாரமும் தொழிற்சாலை வேன்காரர் அவரைக் கூட்டிப்போனார்.

தீர்ப்பு வந்த வாரம் நகரத்துப் பத்திரிகையிலிருந்து ஆள் வந்து, கலெர்வோவைப் படகுத்துறையில் நிற்க வைத்துப் படம் எடுத்துப் போட்டார்கள். ஒரே காலைக்கு நாற்பத்தோராயிரம் யூரோ! பெட்ரோல் பங்க் காப்பிக்கடையில் அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. ரைலி மூலையில் ஏலக்காய் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

"நம்ம நாட்டுல நியாயம் இன்னும் சாகலைப்பா" என்றார் டிராக்டர் ஓட்டும் ஓஸ்மோ. "பணக்காரன்னா பணக்காரன் அளவுக்குக் கட்டு. வேற எந்த நாட்டுல இருக்கு இது?"

"என்ன நியாயம்? அவன் அடிச்சதும் அதே சாராயம்தானே? ரைலியை விட பாயிண்ட் ரெண்டு ஜாஸ்தி, காசு அம்பது மடங்கு ஜாஸ்தி. இது பொறாமை, நியாயம் இல்ல." இது கடைக்காரர் வெய்கோ.

"பாயிண்ட் ரெண்டு இல்லடா, பாயிண்ட் பூஜ்யம் ரெண்டு. உனக்குக் கணக்குலயும் சரக்குலயும் அளவு தெரியாது."

"சரி விடு. ரைலி, நீ சொல்லு. உனக்கு எவ்வளவு?"

"எண்ணூத்திப் பத்து."

"பாத்தியா! கொசுக்கடி!" வெய்கோ மேஜையைத் தட்டினார். "நீ தப்பிச்ச தாயி. கலெர்வோ பக்கத்துல நின்னு மாட்டினதால உன் பேரைக்கூட யாரும் பேப்பர்ல போடல."

யாரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஓஸ்மோ தன் செலவில் அவளுக்கு இன்னொரு காப்பி வாங்கிக் கொடுத்தார். கோபம் வரவேண்டிய இடம் இது என்று ரைலிக்குத் தெரிந்தது. வரட்டும் என்று காத்திருந்து பார்த்தாள். பஸ்தான் வந்தது.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்ததிலிருந்து வீட்டிலேயே கிடந்த அலுவலகச் சாவிக்கொத்தையும் நீலச் சட்டையையும் ஹென்னாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நெடுஞ்சாலை நிறுத்தத்தில் நின்றிருந்தாள். மழையும் பனியும் கலந்து சாய்வாக அடித்தது. பெரிய கறுப்பு வண்டி ஒன்று தாண்டிப்போய், பின்னோக்கி வந்து நின்றது.

"ஏறு ஏறு, செத்துடாத" என்று கதவைத் திறந்தார் கலெர்வோ.

ஏறினாள். இருக்கை சூடாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் வண்டிக்குள் கீச்சென்று ஏதோ சத்தம் போட்டது. கலெர்வோ பக்கத்திலிருந்த குழாயை எடுத்து, ஒரு கையால் ஓட்டிக்கொண்டே ஊதினார். பச்சை விளக்கு எரிந்தது.

"நடுவுல நடுவுல இப்படிக் கேக்கும், நான்தான் ஓட்டுறேனான்னு. பேத்திக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு, தாத்தா ஊது தாத்தா ஊதுன்னு ஒரே ரகளை." குழாயைத் தொங்கவிட்டார். "ஆனா ரைலி, வலிக்குது. பணம் போனதுகூட இல்ல. உனக்கும் எனக்கும் அன்னிக்கு ஒரே தப்பு. உனக்கு ஒரு சைக்கிள் காசு, எனக்கு ஒரு வீட்டுக் காசு. இது நியாயமா, நீயே சொல்லு."

ரைலி கண்ணாடி துடைப்பான் போய் வருவதைப் பார்த்தாள்.

"எனக்கு வேலை போயிடுச்சு, கலெர்வோ."

"எது?"

"நிரந்தர வேலை. செப்டம்பர்ல வர இருந்தது. வண்டி ஓட்ட முடியாதவளுக்குக் கிடையாது."

கலெர்வோ வேகத்தைக் குறைத்தார். நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தார், பள்ளிக்கூடத்தில் பந்தால் யார் ஜன்னலையாவது உடைத்துவிட்டால் வருமே, அதே முகம். "எனக்கு யாருமே சொல்லலையே" என்றார். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். அவர் அபராதத்தைப் பற்றிப் பேசிய பேச்சில் இது யார் வாயிலும் வராமல் போயிருந்தது.

"நான் ஹென்னாகிட்டப் பேசட்டுமா?"

"ஆள் போட்டாச்சு."

ஒரு கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு தொடையில் தட்டினார்.

"எங்கிட்ட வா. தொழிற்சாலை ஆபீஸைச் சுத்தம் பண்றவ ரிட்டயர் ஆகுறா. நிரந்தர வேலை, நானே கையெழுத்துப் போடுறேன். திங்கக்கிழமை வா."

ரைலி அவர் பக்கம் திரும்பினாள். இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக உள்ளே ஏதோ அசைந்தது. ஆசை என்றே சொல்லலாம். "வர்றேன்" என்றாள்.

"காலையில அஞ்சரைக்கு. ஆளுங்க ஏழுக்கு வந்துடுவாங்க, அதுக்குள்ள முடிச்சிடணும்."

"அஞ்சரைக்கா? முதல் பஸ்ஸே ஒம்பதே காலுக்குத்தான்."

"உன் வண்டி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "அட, ஆமால்ல. எப்ப வரைக்கும்?"

"டிசம்பர் பாதி வரைக்கும்."

"எத்தன கிலோமீட்டர் உன் வீட்டுலேருந்து?"

"பத்தொம்பது."

கலெர்வோ உதட்டைக் குவித்து யோசித்தார். மனதார யோசித்தார், அதில் குறை சொல்ல முடியாது. வேன்காரர் அந்தப் பக்கம் வருவதில்லை. கலெர்வோ எழுந்திருப்பதே ஏழரைக்கு. டிசம்பர் வரை ஆபீஸ் தரையைக் குப்பையாகவே விட்டுவைக்க முடியாது. எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ரைலிக்கு அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. உள்ளே அசைந்தது மறுபடி படுத்துக்கொண்டது.

வண்டி அவள் வீட்டு வாசலில் நின்றது.

"தப்பா எடுத்துக்காத ரைலி. எனக்கு வண்டி வெச்சிருக்கிற ஆளா வேணும். உனக்கு யாரையாவது தெரியுமா?"

"நம்ம ஊர் அஹ்தி பொண்டாட்டி வேலை கேட்டுக்கிட்டிருந்தா. வண்டி இருக்கு அவகிட்ட."

"நம்பர் இருக்கா?"

இருந்தது. ரைலி தன் போனை எடுத்து, எண்ணைத் தேடிச் சொன்னாள். கலெர்வோ பாதியில் தவறவிட்டார். அவள் முதலிலிருந்து மறுபடி, மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவர் பதிந்துவிட்டார் என்று உறுதியான பிறகுதான் இறங்கினாள்.