டார்கஸின் இடுப்பு

"இன்னும் கொஞ்சம் தூக்கு. முதுகுக்கு அடியில விடணும்" என்றாள் மிஸஸ் பார்ஜெட்டர். அவள் கையில் இடுப்பை இறுக்கிக் கட்டும், திமிங்கல எலும்பு வைத்துத் தைத்த வெள்ளைக் கச்சு.

கெசையா தூக்கவில்லை. கட்டிலில் கிடந்தவள் அவள் தங்கை டார்கஸ். போர்ட்ஸ்மவுத்தில் மாமியார் மிஸஸ் பார்ஜெட்டரின் கச்சுக் கடையில், மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டி விழுந்து செத்தவள். உடுப்பைக்கூட விலக்கிப் பார்க்காமல், இதயம் பலவீனம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் டாக்டர். லீட்ஸிலிருந்து ரயிலேறி ஓடிவந்த கெசையா, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தபோதுதான் பார்த்தாள். விலாவெல்லாம் கன்றிப்போன கோடுகள். அவற்றுக்குக் கீழே மேடிட்ட வயிறு.

"மாசமா இருந்திருக்கா. எனக்கு ஒரு வார்த்த சொல்லலையே?"

"யாருக்குமே சொல்லல. அவ இடுப்பப் பாத்துத்தான் கடையில கச்சு விக்குது. வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா எவ வாங்குவா?"

"அதுக்காக இறுக்கினீங்களா?"

"நான் என்ன கட்டாயமா படுத்துனேன்? தினம் காலையில அவளேதான் வந்து கட்டில்காலப் புடிச்சுக்கிட்டு நிப்பா."

"பின்னாலேருந்து கயித்த இழுத்தது யாரு?"

கீழே யாரோ கடை வாசலில் கறுப்புத் துணி கட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் பேசுற நேரமா இது? பாதிரியார் சம்சாரம் வந்து கீழ உக்காந்திருக்கு. இந்தக் கோலத்துல காட்டுனா என் மானம் என்னாகறது?"

"மூச்சு நின்னப்புறமுமா இவள விடமாட்டீங்க?"

கெசையா கச்சைப் பிடுங்கினாள். கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டாள். தன் பெட்டியைத் திறந்து, தொளதொளவென்ற தன் இரவு அங்கியைத் தங்கைக்கு மாட்டிவிட்டாள்.

கதவோரம் நின்ற ஆம்ப்ரோஸ் தலையைத் தூக்கவேயில்லை.

"உன் பொண்டாட்டிதானே? உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." சட்டைப் பொத்தானைத் திருகினான். "கொழந்த பொறக்குற வரைக்கும் பொறுத்துக்கன்னு... நானும் சொன்னேன்."

கெசையாவுக்கு அவனை அறையக் கை துடித்தது. அந்தக் கையாலேயே தங்கையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

படியில் காலடிச் சத்தம். மிஸஸ் பார்ஜெட்டர் அவசரமாகத் தன் தோளில் கிடந்த கறுப்புச் சால்வையை எடுத்துப் பிணத்தின் வயிற்றில் போட்டாள். கெசையா அதைத் தூக்கி எறிந்தாள். கிழவி குனிந்து பொறுக்கி, மறுபடி விரிக்கப் போனாள்.

"வேணாம்மா. விடுங்க."

ஆம்ப்ரோஸ்தான். தாயின் கையிலிருந்து சால்வையை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

உள்ளே வந்த பாதிரியார் மனைவியின் பார்வை கட்டிலின் நடுவில் வந்து நின்றது. பின்னால் வந்த பெண்களும் நின்றார்கள். ஆம்ப்ரோஸ் அந்தச் சால்வையைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தான்.