பட்டியலில் விடுபட்ட ஊர்

அறையில் இருந்தவர்கள்: எங்கள் ஐஸ் ஹாக்கி அணியின் மேலாளர் ஒலினிக், அவருக்கு அடுத்த நிலையில் ஜோனெல் ஃபெஹர், சம்பளக் கணக்குப் பார்க்கும் நான். தொலைபேசியில் ஆல்புகர்க்கி அணியின் மேலாளர். எங்கள் ஆட்டக்காரன் தியரி பூஷே இல்லை. அவன் கீழே பனித்தளத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தான்.

அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ள இரண்டு மணி வரைதான் நேரம். அப்போது ஒன்று பத்து.

ஆல்புகர்க்கி தன் கோல்காரன் ஒருவனைத் தரத் தயார். பதிலுக்கு ஒரு தடுப்பாட்டக்காரன் வேண்டும், பூஷேயைக் கேட்டார்கள். அந்தக் கோல்காரனுக்குச் சம்பளம் இருபது லட்சம் டாலர், பூஷேக்கு நாற்பது. லீக் போட்ட சம்பள வரம்பை இரண்டு அணிகளும் ஏற்கெனவே தொட்டுவிட்டன.

"நாப்பது எங்களுக்குத் தாங்காதுய்யா," என்றது தொலைபேசி.

"பூஷே பொண்டாட்டி ஆஸ்பத்திரில கிடக்கா, பாஸ்," என்றாள் ஜோனெல். "ரெட்டைக் குழந்தை. ஏழாம் மாசம்."

"அவளையா அனுப்புறேன்?" ஒலினிக் என் பக்கம் திரும்பினார். "அவன் பட்டியல்ல ஆல்புகர்க்கி இருக்கா?"

போக மாட்டேன் என்று பத்து ஊர்களை எழுதித்தர பூஷேக்கு ஒப்பந்தத்தில் உரிமை உண்டு. வருடா வருடம் ஜூலை ஒன்றுக்குள் தர வேண்டும். நான் கோப்பைத் திறக்கத் தேவையிருக்கவில்லை.

ஜூன் கடைசியில் அவன் வீட்டுப் பின்பக்கம் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தோம். ஒன்பது ஊர் எழுதிவிட்டு முழித்தான்.

"பத்தாவது ஆல்புகர்க்கியா, டுலூத்தா?"

"ஆல்புகர்க்கில உனக்கு இடம் எங்கடா இருக்கு? வரம்பு முட்டிப்போய் நிக்கிறானுங்க. வீணாக்காத."

டுலூத் என்று எழுதினான். அனுப்பும் அணியே பாதிச் சம்பளத்தைக் கட்டினால் இடம் வந்துவிடும். அவன் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"பட்டியல்ல இல்ல," என்றேன்.

"இல்லாம இருந்து என்ன, கணக்கு உதைக்குதே." ஒலினிக் தொலைபேசியை வைக்கக் கை நீட்டினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஏப்ரலில் என் ஒப்பந்தம் முடிகிறது; புதுப்பிக்க வேண்டியவர் ஒலினிக்.

"பாதியை நாம கட்டுவோம், பாஸ். ரெண்டு பக்கமும் இருபதுக்கு இருபது."

"அடப்பாவி," என்றாள் ஜோனெல், மெதுவாக.

ஒன்று நாற்பதுக்கு லீக் ஒப்புக்கொண்டது. பூஷேயைப் பாதிப் பயிற்சியில் தளத்தைவிட்டு வெளியே கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் அவனுக்கு விடைகொடுத்து மட்டைகளைப் பனியில் தட்டியது மேலே வரைக்கும் கேட்டது.

"எந்த ஊரு?" வியர்வையோடு வாசலில் நின்றான்.

"ஆல்புகர்க்கி," என்றார் ஒலினிக். "அஞ்சு மணிக்கு ஃப்ளைட். நாளைக்கு ஆட்டம்."

பூஷே சிரித்தான். "அவனுங்ககிட்ட இடமே கிடையாது." என்னைப் பார்த்தான். "சொல்லேன்டா."

"இப்ப இருக்கு. பாதிச் சம்பளம் நாங்க கட்டுறோம்."

சிரிப்பு நின்றது. "திங்கக்கிழமை அவளுக்கு ஆபரேஷன், சார். அதுவரைக்குமாவது…"

"அதை அங்க கேளு. நீ இப்ப அவங்க ஆளு."

அவன் உடை மாற்றிவிட்டு வருவதற்குள் அலமாரியிலிருந்து அவன் பெயரை உரித்திருந்தார்கள். நுழைவு அட்டையைத் திரும்ப வாங்க வேண்டியது என் வேலை. வீரர்களுக்கான வாசல்வரை கூடவே நடந்தேன்.

"இந்தப் பாதிச் சம்பளம் யோசனை யாரோடது?"

"ஒலினிக்."

"நாய்." பையைத் தோளில் மாட்டினான். "ஆஸ்பத்திரில ஏவ்லினைப் போய்ப் பாருடா. உன்னைவிட்டா இங்க எனக்கு யார் இருக்கா?"

"பாக்குறேன்."

அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே இறங்கினான். நான் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினேன்.