ஆம்புலன்ஸ் யார் பக்கம்?

காலையில் காபி குடிக்கும்போதே ரோவெனா கணவனிடம் கெஞ்சிவிட்டாள்.

"ஹார்லன், இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு. ஊர்க்கூட்டத்துல ஆம்புலன்ஸுக்குக் கையைத் தூக்கு, வந்துடலாம்."

"சரி, சரி. சாகணும்னு எனக்கு மட்டும் ஆசையா?"

இரண்டு முறை நெஞ்சடைத்து விழுந்தவன் அவன். இரண்டு முறையும் ஊர் ஆம்புலன்ஸ்தான் பனியில் உறுமிக்கொண்டு வந்து அள்ளிப் போனது. பணமில்லை என்று அந்தச் சேவையை மூடிவிட்டால் அடுத்த வண்டி மலைக்கு அந்தப்புறத்திலிருந்து வரவேண்டும். அதுவரை அவன் நெஞ்சு தாங்குமா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மலை ஊர்களில் எந்தச் செலவானாலும் மார்ச் மாதம் ஊரே கூடி முடிவு செய்ய வேண்டும். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் முன்பெல்லாம் எல்லோரும் கலந்து உட்கார்வார்கள். இப்போது என்ன கேடுகாலமோ, கட்சிவாரியாக, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ரோவெனா எந்தக் கட்சியும் இல்லை. கணவன் குடியரசுக் கட்சி என்பதால் அவனோடு உட்கார்ந்தாள்.

கொஞ்சம் வரி கூட்டி ஆம்புலன்ஸைக் காப்பாற்றலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் வின்ஸ்லோ, ஜனநாயகக் கட்சிக்காரர், ஓய்வுபெற்ற வக்கீல். நன்றாகத்தான் தொடங்கினார்.

"உக்காருய்யா, வரித் திருடா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஊரை வித்துத் தின்னத்தானே வந்தே!" என்றது இன்னொன்று.

கூட்டத்தை நடத்திய அம்மாள் சுத்தியலைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? வின்ஸ்லோவுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு எங்கே புரியப் போகுது? அந்தாளை ஜனாதிபதியாக்க ஓட்டுப் போட்ட ஆட்டு மந்தைதானே நீங்க! உயிரோட இருந்து என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?"

போச்சு. எல்லாம் போச்சு. ஹார்லனின் காதுகள் சிவந்திருந்தன.

ஓட்டெடுப்பில் தூக்கிய கைகளை அந்தக் கூச்சலில் எண்ண முடியவில்லை. ஆம் என்பவர்கள் ஜன்னல் ஓரமும் வேண்டாம் என்பவர்கள் கதவோரமும் போய் நிற்கச் சொன்னாள் அந்த அம்மாள். ஹார்லன் எழுந்து கதவைப் பார்த்து நடந்தான். ரோவெனா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அய்யோ, எங்கே போறே? காலையில என்ன சொன்னே?"

"என்னை ஆடுன்னான். அவன் நிக்கிற பக்கம் நான் நிக்கணுமா? விடு!"

"வாடா சிங்கமே!" என்று அவன் கூட்டாளிகள் கைதட்டினார்கள்.

அவள் தனியாக ஜன்னலோரம் போய் நின்றாள். பக்கத்தில் நின்ற பெண் அவள் காதில், "விடும்மா, அதுங்க திருந்தாத ஜென்மம்" என்றாள்.

"அது என் புருஷன். வாயைக் கழுவு" என்றாள் ரோவெனா. பிறகு வெட்கத்தை விட்டு, ஊரே கேட்கக் கத்தினாள். "ஹார்லன், அது வின்ஸ்லோ வண்டி இல்லே! உன்னைத் தூக்கிட்டுப் போன வண்டி! என்னைப் பாரு!"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எண்ணி முடித்தார்கள். ஒரே ஒரு ஓட்டில் தீர்மானம் தோற்றது. கதவோரம் கூரை பிய்ந்துவிடும்போல் கூச்சல். அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க, சிரித்த முகத்தோடு ஹார்லன் அவளிடம் வந்தான்.

"பார்த்தியா? அவன் மூஞ்சியில கரியைப் பூசிட்டோம்!"

"அடுத்த தடவை நீ விழுந்தா நான் யாரைக் கூப்பிடுவேன்? சொல்லு ஹார்லன். உன் கட்சியைக் கூப்பிடவா?"

அவன் நெஞ்சைத் தடவியபடி, ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.