பட்டா இல்லாதவர்கள்

"டேய் கார்மேகம், அடுப்பக் குறைச்சுட்டு இங்க வா. குருவிக்காரப் பயலுவளக் கிளப்புறாங்க, பாரு!"

கட்டிலில் சம்மணமிட்டிருந்த முத்துராமன் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினான். வளைகுடா நாட்டில், கராமா பகுதியில் ஆறு பேர் தங்கும் அறை அது. மதிய டூட்டிக்கு முன் எல்லோருக்குமாகச் சமைத்துக்கொண்டிருந்த கார்மேகம் கரண்டியோடு வந்து நின்றான்.

சிவகங்கைப் பக்கம் பைபாஸ் ஓரமாக முத்துராமன் மனை வாங்கியிருந்தான். பக்கத்துப் புறம்போக்கில் நரிக்குறவர்கள் கூடாரம் போட்டிருப்பதால் மனைக்கு மதிப்பில்லை என்று தினமும் புலம்புவான். கார்மேகம் அப்போதெல்லாம் வாயைத் திறந்ததில்லை. அந்தக் கூடாரங்களில் ஒன்று அவனுடையது. பள்ளி விடுதியில் வளர்ந்து, ஐடிஐ முடித்து, ஏசி மெக்கானிக்காக வந்தவன். ஊர் சிவகங்கை என்று மட்டும் சொல்லியிருந்தான். மற்றதை அறையிலிருந்தவர்களே தங்களுக்குத் தோதாக நினைத்துக்கொண்டார்கள்.

முத்துராமனின் தம்பி அங்கிருந்து வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தான். ஜேசிபி தார்ப்பாயை இழுத்தது. சோற்றுப் பானை உருண்டது. வி.ஏ.ஓ. குடை பிடித்து நின்றார். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

சந்தியா.

கார்மேகம் கத்தினான். தமிழில் இல்லை, அவர்கள் வீட்டில் பேசும் மொழியில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரு, வண்டிகிட்ட நிக்காதே என்று கத்தினான். புருஷன் குரலைக் கேட்டுச் சந்தியா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரோ ஒருவன் கையிலிருந்து அந்தக் குரல் வருவது அவளுக்குப் புரியவில்லை. பெண் போலீஸ் அவளைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

முத்துராமன் இணைப்பை அணைத்தான்.

"நீ... அந்த ஆளாடா?"

"ஆமாண்ணே. அது என் பொண்டாட்டி. பட்டா தர்றேன்னு போன மாசந்தான் தாசில்தார் சொல்லிட்டுப் போனாரு. நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

"கவர்மெண்ட் செய்யிறதுக்கு நான் என்ன பண்றது?"

"அவங்களைக் காலி பண்ணச் சொல்லி மனுக் குடுத்தது நீங்கதானண்ணே."

முத்துராமன் எழுந்துபோய், கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரை அப்படியே தொட்டியில் கவிழ்த்தான்.

கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் சுஐபு பாய்க்கு உடனே ஆள் போனது. காயல்பட்டினத்துக்காரர். அறையை வாடகைக்கு எடுத்துக் கட்டில் கட்டிலாக விடுபவர். அவர் வாசலிலேயே நின்றார்.

"நான் அதெல்லாம் பாக்கிறவன் இல்ல வாப்பா. ஆனா அஞ்சு பேரும் ஒரே பேச்சா நிக்காங்க. நல்லவிதமா வேற எடம் பாத்துக்க."

"தாசில்தாரும் நல்லவிதமாத்தான் பேசுனாரு பாய்." கார்மேகம் தன் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டான். "இங்க யாருக்குப் பட்டா இருக்கு? விசா குடுத்த கஃபீல் கலாஸ், வேலை முடிஞ்சுதுன்னு சொன்னா நாளைக்கே எல்லாரும் பொட்டியக் கட்டணும். நான் போமாட்டேன். வேணும்னா போலீசக் கூப்புடுங்க."

ஓர் அறையில் ஆறு பேர் என்று தெரிந்தால் முதலில் மாட்டுவது தானே என்பது பாய்க்குத் தெரியும். தாடியைத் தடவிக்கொண்டே கீழே இறங்கிப்போனார்.

கார்மேகம் சந்தியாவை அழைத்தான். வெகுநேரம் கழித்து எடுத்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கோம். இங்கயும் இருக்கக் கூடாதுங்கிறாங்க" என்றாள். பின்னால் பிள்ளை அழுதது. "நீ அங்க பத்திரமா இரு. ராத்திரி நாங்க அந்த எடத்துக்கே போயிருவோம். கம்பும் தார்ப்பாயும் அங்கதான் கெடக்கு."

அவன் பேசி முடிப்பதற்குள் முத்துராமன் தன் படுக்கையைச் சுருட்டிப் பெட்டியோடு வெளியேறிவிட்டான். எதிர் அறையில் இருப்பவர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள்தான். கதவைத் தட்டும் சத்தமும் முத்துராமன் கெஞ்சும் குரலும் கார்மேகத்துக்கு நன்றாகவே கேட்டன.

"ஒரு கட்டில் காலியாத்தான் இருக்கு" என்றார் அங்கிருந்த பெரியவர். "தப்பா நெனைக்காதீங்க தம்பி, ஒண்ணா சாப்புடற எடம். நீங்க என்ன ஆளுங்க?"

"ஊரு சிவகங்கைங்க" என்று மட்டும் சொன்னான் முத்துராமன்.