மொதல்ல நீங்க போங்க

மலச்சிக்கல்காரர்களைப் படம் எடுப்பது என் வேலை. பசை போன்ற மருந்தை உள்ளே ஏற்றி, கழிப்பறை நாற்காலியில் உட்கார வைத்து, அது வெளியேறுவதை எக்ஸ்ரேயில் பிடிக்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று படித்துப் படித்துச் சொன்னாலும் யார் கேட்கிறார்கள்?

அன்று மில் முதலாளி வெங்கடபதி வெளியே காத்திருந்தார். பின்னாலேயே வந்து நின்றவர் அவருடைய சம்பந்தி வரதராஜுலு.

"ஏனுங்க சம்பந்தி, இங்க?" என்றார் வெங்கடபதி.

"ஹார்ட் செக்கப்புங்க. நீங்க?"

"எனக்கும் அதேதானுங்க."

'மலக்குடல் பரிசோதனை' என்று கொட்டை எழுத்தில் இருந்த பலகைக்கு முதுகைக் காட்டி இருவரும் உட்கார்ந்தார்கள்.

நான் கதவைத் திறந்து, "அடுத்தது யாருங்க?" என்றேன்.

"சம்பந்தி, நீங்க போங்க," என்றார் வெங்கடபதி.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நீங்க இருக்கறப்ப நானுங்களா? மொதல்ல நீங்க போங்க."

"வயசுல பெரியவங்க, நீங்க போங்க."

கலக்கி வைத்த மருந்து கிண்ணத்தில் இறுகிக்கொண்டிருந்தது. மரியாதையும் இளகவே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் மரியாதையாகவே கேட்டேன்.

"ஏனுங்க, உங்க ரெண்டு பேருக்கும் ஒழுங்காப் போனா, இங்க எதுக்குங்க வரப்போறீங்க?"