வண்டிக்கு முன்னால் வந்த சத்தம்

எங்கள் மோட்டார் சைக்கிளின் சத்தம் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும். அந்தச் சிணுங்கல் தெருமுனையில் திரும்பும், கேட்டைத் தாண்டும், கொட்டகையில் வழக்கமான இடத்தில் நின்று அணையும். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். கல் காய்ந்து, தோசை வெந்து, தட்டில் விழும் நேரத்தில் என் கணவர் நாச்சிமுத்து வண்டியில் வந்து இறங்குவார். வண்டி நிழல் நகர்வதுபோல ஓசையின்றி வரும்.

வண்டி பழையது. பின்னால் இரு பக்கமும் பெட்டிகள், முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி. தூரப் பயணத்துக்கென்றே செய்தது. தாராபுரத்திலிருந்து கட்ச் உப்புப் பாலைவனம் வரை அதில் தனியாகப் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கிளம்பக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அவரும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆகவே சிணுங்கல் இருக்கும்வரை அவர் இருப்பார். அது தீர்ந்தால் போய்விடுவார். ஒருத்திக்கு மட்டும் சமைப்பது எனக்கு வராது. அரிசியை எப்போதும் கூடுதலாகவே போட்டுவிடுவேன்.

பொள்ளாச்சி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் சென்னியப்பனிடம் அவர் வண்டியைக் கொண்டுபோனார்.

"வண்டிய மட்டும் கொண்டாந்தா எப்படிங்ணா? சத்தத்தையும் கொண்டாங்க."

"அது எனக்கு முன்னாலயே கெளம்பிப் போயிருதப்பா."

"எங்க போகுதுங்?"

"ஊட்டுக்குத்தான்."

"அப்ப அக்காதான் கேட்டிருக்கணும்" என்று சொல்லி, சென்னியப்பன் என்னைத் தேடி வந்தார். சத்தத்தை வாயால் செய்து காட்டச் சொன்னார். வண்டி வைத்திருக்கிற எல்லோரும் மெக்கானிக்கிடம் செய்வதுதான்.

அந்தச் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது மூக்கில் தொடங்கும், தொண்டைவரை இறங்கிப் பார்க்கும், பிறகு மனம் மாறி மறுபடி மூக்குக்கே போய் மெலியும். கடைவீதிக்குக் கூட்டிப்போகாத குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஓசை.

"ஙொய்ய்ய்" என்றேன்.

சென்னியப்பன் கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொருக்கா பாடுங்க்கா."

"ஙொய்ய்ய்."

"செயினுங்" என்றார். புதுச் செயின் போட்டார்.

சத்தம் நிற்கவில்லை. அவர் திரும்பவும் வந்து கேட்டபோது "ஊம்ம்ம்" என்றேன். சக்கரத்து பேரிங்கை மாற்றினார். அதற்கடுத்த முறை "கிர்ர்ரீ" என்றேன். கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்து மூடினார்.

"இவ ஒவ்வொரு நாளும் ஒரு ராகம் பாடறா, நீயும் ஒவ்வொரு நாளும் ஒரு பார்ட்ஸக் கழட்டற" என்றார் என் கணவர்.

"அக்கா வாயில வர்றதத்தானுங்ணா நான் ரிப்பேர் பண்ண முடியும்."

புதுச் சாமான்கள் போடப்போட, சத்தத்துக்கு வேகம் கூடியது. முதலில் தோசை ஆறிப்போகும் அளவுக்கு முந்தியது. பிறகு அரைநாள் முந்தியது. கடைசியில் முந்தின நாளே வரத் தொடங்கியது. வண்டி கொட்டகையில் நிற்கும், அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், மறுநாள் பயணத்தின் சிணுங்கல் கேட்டைத் தாண்டி உள்ளே வரும்.

"நாளைக்கு எங்கியோ போயிட்டு வர்றீங்களாட்ட இருக்குதுங்" என்பேன்.

"எங்கீன்னு தெரியுதா?"

"சத்தம் ஈரமா இருக்குதுங். அமராவதி அணைப் பக்கமா இருக்கும்."

"சேரி" என்று பேப்பரைப் புரட்டுவார். மறுநாள் போய்வருவார்.

ஆவணி மாதத்தில் ஒரு சாயங்காலம் சத்தம் வரவில்லை, போயிற்று. கொட்டகையில் தொடங்கி, கேட்டைக் கடந்து, காங்கயம் ரோட்டில் வடக்கே போனது. விளக்கு வைத்த பிறகும் திரும்பவில்லை. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாற்காலியிலேயே இருந்தார். சென்னியப்பனுக்குப் போன் செய்தேன்.

அவர் வந்ததும் நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியைக் கேட்டின் தூணில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். இன்ஜினில் வைத்துக் கேட்பதைப் போலத்தான்.

"கேக்குதுங். ஈரோடு தாண்டிப் போயிட்டிருக்குது." பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க பாடினதுல ஒண்ணுகூட இது இல்லீங்களே."

நான் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது ஸ்பீடாமீட்டர் கேபிளுங்க. காஞ்சு கெடக்குது. ஒரு சொட்டு எண்ணெய் உட்டா நின்னுரும்."

"அவ்வளவுதானா?" என்றார் என் கணவர்.

"அவ்வளவுதானுங்ணா."

"ஏம்புள்ள, உனக்குத் தெரியுமா?"

"எனக்கென்னங் தெரியும் கேபிளப் பத்தி" என்றேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. அவரைத் தடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. உள்ளே போய் அவருக்குச் சட்டைகளை எடுத்து வைக்கலாம் என்று திரும்பினேன்.

சென்னியப்பன் காதை எடுக்கவில்லை. "வண்டி கனமாப் போகுதுங்ணா" என்றார்.

"பொட்டி ரெண்டும் நெறஞ்சிருக்குமப்பா."

"பொட்டின்னா ரெண்டு பக்கமும் சமமா இருக்கும்ங். இது எடது பக்கம் சாயுது. பின் சீட்டுல யாரோ ஒருச்சாஞ்சு உக்காந்திருக்காங்க. சேலை கட்டினவங்க."

நான் நின்றேன். "ஆருங் அது?" என்று கணவரைக் கேட்டேன்.

"எனக்கெப்படித் தெரியும்? நாளைக்குத்தான தெரியும்."

"தெரியாத ஆளையா பின்னால ஏத்துவீங்க?"

"இன்னும் ஏத்தலியே புள்ள, அதுக்குள்ள சண்டைக்கு வர்றயே."

சென்னியப்பன் ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் கொடுத்தார். காதில் வைத்துக் கேட்டேன். சேலம் போகிற சாலையில் சிணுங்கல் சீராகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் அது தணிந்து, தாண்டிய பிறகு மெல்ல எழுந்தது. என் கணவர் வேகத்தடையைப் பார்த்து ஓட்டுகிறவர் அல்ல. முதுகுவலிக்காரி ஒருத்தி பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே போகிறாள்.

ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எண்ணெய் உட்டரட்டுங்களா?" என்றார் சென்னியப்பன். கையில் எண்ணெய்க் கேன் இருந்தது.

"உடாத" என்றார் என் கணவர். "இங்க அது நின்னா, அங்க நாங்க நடுரோட்டுல நிக்கணும்."

சென்னியப்பன் கேனை மூடிக்கொண்டு புறப்பட்டார். நான் உள்ளே போய் நாலு நூல் சேலைகளையும் முதுகுக்குத் தேய்க்கும் தைலத்தையும் எடுத்து இடப்பக்கப் பெட்டியில் வைத்தேன். அவர் தன் சட்டைகளை வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். நான் ஒருச்சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வண்டியில் சத்தமே இல்லை. ஊர்களில் நாய்கள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. அவை நேற்றே குரைத்து முடித்திருந்தன. வேகத்தடை வந்தபோதெல்லாம் சொன்னேன். அவர் சரி சரி என்றார்.

சேலம் தாண்டி, தொப்பூர் கணவாய்க்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நாங்கள் இறங்குவதற்கு முன்பே கடைக்காரர் நாங்கள் குடித்த இரண்டு கிளாஸ்களையும் கழுவிக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை சரியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"எனக்குச் சரியா இருந்துச்சுங். இவருக்குத்தான் கொஞ்சம் தூக்கலாப் போச்சு" என்றேன்.

என் கணவர் மீசையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.